முப்பத்திரண்டு கட்டமும் ஒரு குதிரையும்

காட்டூரில் எங்கள் மொட்டை மாடித் தளத்தில் சாக்பீஸ் கட்டங்கள் பாதி அழிந்தும் அழியாமலும் எப்போதும் கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். திருவெறும்பூர், அரியமங்கலம், துவாக்குடிப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள். அவர்களுடைய பாடத்தில் மறைக்குறியீட்டுக்கென்று ஒரு தாள் உண்டு. அதில், செய்தியைத் துண்டு துண்டாக எடுத்து மறைக்கும் பிளாக் சைஃபர் வரும் அலகைப் பெரும்பாலும் உருப்போட்டுத்தான் எழுதுகிறார்கள். அதை உருப்போட விடக் கூடாது என்பது என் பிடிவாதம். கரும்பலகையில் பிடிபடாதது, தரையில் உட்கார்ந்து கட்டம் போட்டுப் புளியங்கொட்டையை நகர்த்திப் பார்த்தால் பிடிபட்டுவிடுகிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பையன் ஒருநாள் பையிலிருந்து அட்டை நைந்த புத்தகம் ஒன்றை எடுத்தான். வேதாந்த தேசிகரின் பாதுகா சஹஸ்ரம்.

"தாத்தாவோடது மேம். இதுல ஒரு சுலோகத்தைச் சதுரங்கக் குதிரை மாதிரி தாண்டித் தாண்டிப் படிச்சா இன்னொரு சுலோகம் வரும்னு சொன்னார். நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். நீங்க போடுற கட்டம் மாதிரியே இருக்கு."

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குதிரையை ஓட்டினோம். அதற்குப் பிறகு பிளாக் சைஃபரை அந்தக் குதிரை இல்லாமல் என்னால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

அரங்கனின் பாதுகைகளைப் பாடும் நூல் அது. 1008 சுலோகங்கள், 32 பத்ததிகள். ஸ்ரீரங்கத்தில் ஒரே இரவில் தேசிகர் பாடி முடித்தார் என்பது வைணவ மரபு. முப்பதாவது பத்ததி சித்ர பத்ததி, அதாவது எழுத்தைக் கட்டத்திலும் சக்கரத்திலும் தாமரையிலும் அடைத்துப் பாடும் பகுதி. அங்கேதான் 929-ஆம் சுலோகமும் 930-ஆம் சுலோகமும் இருக்கின்றன. அனுஷ்டுப் என்ற யாப்பில் பாதத்துக்கு எட்டெழுத்து, நான்கு பாதம், மொத்தம் 32 எழுத்து. முதல் சுலோகத்தைப் பாதத்துக்கு ஒரு வரிசையாக எழுதினால் நாலுக்கு எட்டுப் பலகை கிடைக்கிறது. முதல் கட்டத்தில் குதிரையை நிறுத்தி, அதற்குரிய தாவலில் எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு தடவை தொட்டுவரச் செய்தால், அது மிதித்த எழுத்துகள் வரிசையாக அடுத்த சுலோகம் ஆகிவிடுகின்றன. பொருளும் வேறு, சொற்களும் வேறு.

பாதை இப்படிப் போகிறது. முதல் வரிசை முதல் கட்டம். அங்கிருந்து இரண்டாம் வரிசையின் மூன்றாவது, மறுபடி முதல் வரிசையின் ஐந்தாவது, இரண்டாம் வரிசையின் ஏழாவது. மேல் இரண்டு வரிசையில் வலப்பக்கம் பாய்ந்து போன குதிரை அங்கே கீழே குதிக்கிறது: நான்காம் வரிசையின் எட்டாவது. பிறகு கீழ் இரண்டு வரிசையில் இடப்பக்கம் திரும்பி வருகிறது: மூன்றாம் வரிசையின் ஆறாவது, நான்காம் வரிசையின் நான்காவது, மூன்றாம் வரிசையின் இரண்டாவது. எட்டுக் கட்டம் முடிந்தது, புதிய சுலோகத்தின் முதல் பாதமும் முடிந்தது. போகும்போது ஒற்றைப்படை நிரல்கள், வரும்போது இரட்டைப்படை நிரல்கள். ஒரு நிரல்கூட விடுபடவில்லை, ஒன்றும் இரண்டு தடவை வரவில்லை.

முதல் பாதம் மட்டும்தான் இப்படியோ என்று அடுத்ததை எண்ணினோம். இரண்டாம் பாதத்தில் நிரல்கள் மூன்று, ஐந்து, ஏழு, எட்டு, ஆறு, நான்கு, இரண்டு, ஒன்று. அதிலும் எட்டு நிரலும் ஒவ்வொரு தடவை. மூன்றாம் பாதமும் அப்படியே, நான்காம் பாதமும் அப்படியே. குறுக்கே எண்ணினால், புதிய சுலோகத்தின் ஒவ்வொரு பாதமும் பழைய சுலோகத்தின் நான்கு பாதத்திலிருந்தும் சரியாக இரண்டிரண்டு எழுத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பாதத்திலிருந்தும் மூன்றில்லை, ஒன்றில்லை. இதை எண்ணி முடித்தபோது மாடியில் இருட்டிவிட்டது. போன் வெளிச்சத்தில் நான்காவது தடவையும் சரிபார்த்தோம்.

இந்தக் குதிரைப் பாதை தேசிகர் கண்டதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் தம் காவ்யாலங்காரத்தில் காட்டிய பாதையேதான். ஆனால் ருத்ரடரின் சுலோகத்தை நேரே படித்தாலும் குதிரைத் தாவலில் படித்தாலும் ஒரே சுலோகம்தான் வரும். அதற்காகச் சில எழுத்துகளையே திரும்பத் திரும்ப வைத்திருப்பார். தேசிகர் பழைய பாதையை எடுத்துக்கொண்டு, அதன் இரு முனையிலும் இரு வேறு பாட்டை நிறுத்தினார். பாதை ஊரறிந்தது, அதில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் புதிது. பிளாக் சைஃபரைப் படிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே பழக்கமானது. முறை எதிரியின் கையிலேயே இருந்தாலும் சாவி ஒன்று மறைவாக இருந்தால் போதும் என்று 1883-இல் கெர்க்காஃப்ஸ் எழுதி வைத்ததுதான் இன்றுவரை இத்துறையின் அடிப்படை.

முறையை ஊரறிய வைத்த அப்படிப்பட்ட ஒரு சைஃபர்தான் இனி வருவது. யோவன் டாமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கலந்து ரைன்டால் என்று பெயர் வைத்த பிளாக் சைஃபரை 1998-இல் அமெரிக்காவின் நிஸ்ட் நடத்திய போட்டிக்கு அனுப்பினார்கள். பதினைந்து போட்டியாளர்களில் அதுவே 2000 அக்டோபரில் தேர்வாகி, 2001 நவம்பரில் ஏ.இ.எஸ். என்ற தரமாக வெளிவந்தது. வீட்டு வைஃபையில் அதுதான் ஓடுகிறது. வாட்ஸ்அப் செய்தி அதற்குள் மடிந்துதான் போகிறது. ஆதாருக்காக விரல் வைக்கும்போது அந்த ரேகைத் தகவல் இயந்திரத்தை விட்டுக் கிளம்புவதும் அதே ஏ.இ.எஸ். உறைக்குள்தான்.

ரைன்டால் செய்தியைத் துண்டு துண்டாக எடுத்துக் கட்டத்தில் நிரப்புகிறது, ஒரு கட்டத்துக்கு ஒரு பைட். வரிசை எப்போதும் நான்கு. நிரல் நான்காகவோ ஆறாகவோ எட்டாகவோ இருக்கலாம் என்பது அவர்களுடைய மூல வடிவம். நிஸ்ட் நாலுக்கு நாலை மட்டும் தரமாக எடுத்துக்கொண்டது. எட்டு நிரல் கொண்ட மூல வடிவத்தைப் பாருங்கள். நான்கு வரிசை, எட்டு நிரல், 32 கட்டம். தேசிகரின் பலகை.

அதில் எழுத்தை இடம்பெயர்க்கும் படி ஒன்று உண்டு. முதல் வரிசை அசையாது. மற்ற மூன்று வரிசையும் வெவ்வேறு தூரம் இடப்பக்கம் நகரும். ஓரத்தில் விழுவது மறு ஓரத்தில் வந்து ஏறிக்கொள்ளும். நாலுக்கு நாலில் ஒன்று, இரண்டு, மூன்று இடம். இதன் முதல் நோக்கம், ஒரே நிரலில் மேலும் கீழுமாக நின்ற நான்கு பைட்டும் நான்கு வெவ்வேறு நிரலுக்குப் பிரிந்து போக வேண்டும் என்பது. ஸ்ரீரங்கத்துக் குதிரை செய்வதும் அதே வேலை. ஒவ்வொரு பாதமும் ஒவ்வொரு நிரலிலிருந்து ஓர் எழுத்தை மட்டும் எடுப்பதால், ஒரு நிரலில் அடுக்கி நின்ற நான்கு எழுத்தும் நான்கு வெவ்வேறு பாதத்துக்குப் பிரிகின்றன. கூடி நின்றவர்களைக் கூடவே அனுப்பாதே என்ற ஒரே விதி இரண்டு பலகையையும் ஆள்கிறது. தேசிகர் பாடியது பகைவனுக்கு மறைக்க அல்ல, பாதுகைக்கு அலங்காரமாக. அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு கலைப்பு நல்ல கலைப்பா என்று பார்க்கும் கண் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

குதிரையால் ஆகாத ஒன்றும் உண்டு. எழுத்து இடம் மாறுமே தவிர எழுத்து மாறாது. முதல் சுலோகத்தில் எந்த எழுத்து எத்தனை இருந்ததோ இரண்டாவதிலும் அதே எழுத்து அத்தனை இருக்கும். தேசிகருக்கு அதுதான் வேண்டும், மறைப்பவருக்கு அது ஆபத்து. கிளாட் ஷானன் 1949-இல் எழுதிய கட்டுரையில் இரண்டு குணம் கேட்டார். ஒன்று பரவல், மற்றொன்று குழப்பம். குதிரை பரப்புகிறது. குழப்புவதற்கு எழுத்தையே மாற்றும் ஒருவர் வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதற்கு நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். காட்டூர் என்று போனில் அடித்தால் அது உள்ளே எட்டுக் குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: க, துணைக்கால், ட, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்று மொத்தம் 24 பைட், அதாவது பெரிய பலகையில் ஆறு நிரல். முதல் குறி 224, 174, 149. அடுத்தது 224, 174, 190. தமிழ்ச் சொல் எதை எழுதினாலும் ஒவ்வொரு மூன்றாவது பைட்டும் 224-தான். அதற்கு அடுத்தது 174 அல்லது 175. ஆக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை யார் வேண்டுமானாலும் பார்க்காமலே சொல்லிவிடலாம். தமிழ்ச் செய்தி கட்டத்துக்குள் வரும்போதே தன் ஊரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது.

எழுத்தை மாற்றும் அந்த வேலைக்கு ரைன்டாலில் இருப்பது எஸ்-பாக்ஸ். அது 256 எண்களுக்கு 256 எண்களை எதிரே வைத்த ஓர் அட்டவணை. அதில் 174-ஐக் கொடுத்தால் 228 வரும். பக்கத்திலேயே நிற்கும் 175-ஐக் கொடுத்தால் 121. ஒரே பிட் வித்தியாசத்தில் உள்ளே போன இரண்டும் வெளியே வரும்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சரி, எல்லாவற்றையும் தூரத்தில் எறிகிற பெட்டி போலிருக்கிறது என்று நினைத்தால் 224 உள்ளே போய் 225-ஆக வருகிறது, ஒரே எட்டு. தூரமாகப் போவதும் ஒரு பழக்கமாகிவிடக் கூடாது என்பதுபோல அது நடந்துகொள்கிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இந்த அட்டவணையை யாரும் குலுக்கிப் போட்டு எடுக்கவில்லை என்பதுதான் இன்னும் அழகு. 256 எண்களுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் ஒரு கணக்கு உண்டு. கூட்டும்போது ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் சுழி. இரட்டிக்கும்போது 255-ஐத் தாண்டினால் 283 என்ற எண்ணோடு கூட்டி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் சுழியைத் தவிர ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு துணை இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஒன்று வரும். 83-க்குத் துணை 202. எஸ்-பாக்ஸ் செய்வது இவ்வளவுதான்: 83-ஐ வாங்கித் துணையான 202-ஐக் கண்டுபிடித்து, அதன் பிட்டுகளை ஒரு நேரான விதிப்படி கலைத்து, 99-ஐக் கூட்டி, 237 என்று கொடுத்துவிடுகிறது. துணையைத் தேடும் இந்தச் செயலுக்கு இருக்கும் வலிமையைக் கைசா நைபெர்க் என்ற பின்லாந்துக்காரர் 1993-லேயே காட்டியிருந்தார்.

ஏன் 99? துணையில்லாத சுழிக்குச் சுழி என்றே வைத்துக்கொள்கிறார்கள், ஒன்றுக்குத் துணை தேடினால் ஒன்றே வரும். அந்த இரண்டும் மாறாமல் நின்றால் பெட்டியில் ஓட்டை. பிட்டுகளைக் கலைத்து 99-ஐக் கூட்டியதும் சுழி 99 ஆகிறது, ஒன்று 124 ஆகிறது. 256 எண்ணில் எதுவும் தானாகவே திரும்பி வருவதில்லை. எதுவும் தன் பிட்டுகள் எல்லாம் தலைகீழான நேர் எதிர் எண்ணாகவும் வருவதில்லை. இரண்டையும் அடைக்கும் எண்ணாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஏன் 283? அந்த வேலையைச் செய்யக்கூடிய எண்கள் முப்பது உண்டு. டாமனும் ரைமனும் தங்கள் ஆவணத்தில் எழுதிய காரணம் ஒரே வரி: லிடல், நீடரைட்டர் இருவரும் எழுதிய பாடநூலின் பட்டியலில் முதலில் இருப்பது இதுதான், எடுத்துக்கொண்டோம். இந்த வரி எனக்கு அவ்வளவு பிடிக்கும். முப்பதில் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்னும்போது, முதலாவதை எடுப்பதைப் போல நேர்மையான வழி வேறில்லை. பதினேழாவதை எடுத்திருந்தால், ஏன் பதினேழு, அதில் என்ன ஒளித்திருக்கிறாய் என்று உலகம் கேட்டிருக்கும்.

உலகம் அப்படிக் கேட்டதும் உண்டு. 1977-இல் தரமாக வந்த டி.இ.எஸ். என்ற முந்தைய சைஃபரில் எட்டு எஸ்-பாக்ஸ்கள். அந்த எண்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று செய்த ஐ.பி.எம். சொல்லவில்லை. கள்ளக் கதவு வைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. 1994-இல் ஐ.பி.எம். குழுவின் டான் காப்பர்ஸ்மித் எழுதிய பிறகுதான், வேறுபாட்டைப் பின்தொடர்ந்து உடைக்கும் வழி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதைத் தடுக்கத்தான் அந்த எண்களை அப்படி அமைத்தார்கள் என்பது வெளிவந்தது. எண்கள் நல்ல எண்கள்தான், காரணத்தை மறைத்ததால் பழி சுமந்தன. கடைசியில் அந்தச் சைஃபரை வீழ்த்தியது எஸ்-பாக்ஸ் அல்ல, 56 பிட்டுக்குச் சுருக்கிய சாவி. 1998-இல் தனியாக ஓர் இயந்திரம் கட்டி 56 மணி நேரத்தில் சாவியைத் தேடி எடுத்துவிட்டார்கள்.

இனிப் புளியங்கொட்டைக்கு வருகிறேன்.

எஸ்-பாக்ஸ் ஒரு பைட்டை மாற்றும், பக்கத்துக் கட்டத்தைத் தொடாது. வரிசை நகர்வு இடத்தை மாற்றும், பைட்டைத் தொடாது. ஒன்றின் சேதி இன்னொன்றுக்குப் போக மூன்றாவதாக ஒரு படி வேண்டும். நிரலில் இருக்கும் நான்கு பைட்டையும் சேர்த்துப் பிசைந்து புதிதாக நான்கை எடுப்பது அந்தப் படி. மூன்று படியும் சாவிக் கலப்பும் சேர்ந்தது ஒரு சுற்று. பிசையும் அளவு இரண்டு, மூன்று, ஒன்று, ஒன்று. அடுத்த பைட்டுக்கு அதே அளவை ஓரிடம் சுழற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றால் பெருக்குவது வேலையே இல்லை. இரண்டால் பெருக்குவது ஓர் இடப்பெயர்ச்சி. மூன்று என்பது அவ்விரண்டையும் கூட்டுவது. அக்காலத்துச் சின்னஞ்சிறு ஸ்மார்ட் கார்டு சில்லுக்கும் பாரம் ஏறக் கூடாது என்று பார்த்துப் பொறுக்கிய எண்கள். இவ்வளவு எளிய எண்களை வைத்துக்கொண்டு, ஒரு நிரலுக்குள் போகும் மாற்றங்களும் வெளியே வரும் மாற்றங்களும் சேர்ந்து ஒருபோதும் ஐந்துக்குக் குறையாது என்ற உறுதியைத் தருகிறார்கள். ஒரு பைட் மாறி உள்ளே போனால் நான்கும் மாறித்தான் வெளியே வரும். மேல் பைட்டில் ஒன்றைக் கூட்டினால் வெளியே இரண்டு, ஒன்று, ஒன்று, மூன்று என்று நான்கிலும் தெரியும்.

நாலுக்கு நாலு பலகையில் ஒரு கொட்டையை வைக்கச் சொல்வேன். அது மாறிய பைட். பிசைந்ததும் அந்த நிரல் முழுக்க நான்கு கொட்டை. அடுத்த சுற்றில் வரிசை நகரும், நான்கும் நான்கு நிரலுக்குப் போய்த் தனித்தனியாக நிற்கும். மறுபடி பிசைந்ததும் ஒவ்வொரு நிரலும் நிரம்பி 16 கட்டத்திலும் கொட்டை. இரண்டே சுற்று. முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் முகத்தில் இந்த இடத்தில் ஒரு மாறுதல் தெரியும். அதற்காகத்தான் நான் இன்னும் பாடம் எடுக்கிறேன்.

உடைக்க வருகிறவரும் சாமர்த்தியசாலிதான். 16 கட்டமும் நிரம்பிய பிறகு, ஒவ்வொரு நிரலிலும் இருக்கும் நான்கு வித்தியாசமும் பிசையும்போது ஒன்றையொன்று தின்றுவிட்டு ஒன்றாகச் சுருங்கும்படி எண்களைத் தேடிப் பிடிப்பார். அப்படிச் செய்தாலும் நான்கு சுற்றில் அவர் கடக்க வேண்டிய கட்டங்கள் ஒன்று, நான்கு, பதினாறு, நான்கு. கூட்டினால் 25. இதற்குக் குறைந்த வழி கிடையாது என்பது நிரூபணம். ஒவ்வொரு கட்டத்திலும் எஸ்-பாக்ஸ் நிற்கிறது. அதை அவர் நினைத்தபடி கடக்கும் வாய்ப்பு, அவருக்கு மிகச் சாதகமான இடத்திலும், 64-இல் ஒன்று. 25 முறை 64-ஐப் பெருக்கினால் இரண்டின் 150-ஆம் அடுக்கு. பலகையில் எழுதக்கூடிய செய்திகள் மொத்தமே இரண்டின் 128-ஆம் அடுக்குதான். தேடும் இடம் முழுதையும் செலவழித்தாலும் எட்டாத அளவுக்கு வாய்ப்பு சிறிதாகிப் போய்விட்டது. 25 கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இதை விளக்கலாம். இதைவிடச் சிறிய கருவியால் இதைவிடப் பெரிய உறுதியைத் தந்த வேறு பாடத்தை நான் நடத்தியதில்லை.

சுற்றுகளின் எண்ணிக்கையிலும் அதே வெளிப்படை. 128 பிட் சாவிக்குப் பத்துச் சுற்று. ஆறு சுற்றுக்கு மேல் குறுக்குவழியில் உடைக்க அப்போது யாருக்கும் வழி தெரியாது, பாதுகாப்புக்கு இன்னும் நான்கு சேர்த்தோம் என்று அவர்களே எழுதினார்கள். அந்த ஆறு சுற்றுத் தாக்குதலையும் அவர்களே தங்கள் ஆவணத்தில் விளக்கியிருந்தார்கள். முந்தைய ஆண்டு அவர்கள் லார்ஸ் நுட்சனோடு சேர்ந்து வெளியிட்ட ஸ்கொயர் என்ற சைஃபரை உடைக்கப் பிறந்த வழி அது.

எல்லாப் பகுதியும் எனக்கு ஒரே அளவில் பிடித்ததென்று சொல்ல மாட்டேன். சாவியைச் சுற்றுக்கு ஒன்றாக விரித்துக் கொடுக்கும் பகுதி, கட்டங்களைக் கலக்கும் பகுதியின் அழகுக்கு எட்டவில்லை. மாற்றம் அதில் மெதுவாகவே பரவுகிறது. தொடர்புள்ள சாவிகளைக் கொண்டு 256 பிட் சாவி வடிவத்தை எதிர்க்கும் வழியை 2009-இல் பிர்யுகோவும் ஹோவ்ரடோவிச்சும் காட்டியது இந்தப் பக்கத்திலிருந்துதான். நடைமுறைக்கு அதனால் கெடுதல் வரவில்லை, ஆனாலும் உறுத்துகிறது. திரும்பி வரும் வழியும் சற்றுக் கனம்தான்: பிசைந்ததைப் பிரிக்கும் அளவு 14, 11, 13, 9. மறைப்பதைவிடத் திறப்பதற்குச் சில்லு அதிகம் உழைக்க வேண்டும்.

அந்தச் சாவிப் பகுதியிலும் ஒரு துளி இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி ஆகிவிடாமல் இருக்க ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண்ணைக் கலக்கிறார்கள். 1, 2, 4, 8, 16, 32, 64, 128. அடுத்தது 256 ஆக வேண்டும், ஆனால் அது எல்லையைத் தாண்டுகிறது. 283-ஐக் கூட்டினால் 27. அதை இரட்டித்தால் 54. பத்துச் சுற்று முடிந்தது. இரட்டிக்கும் பழக்கம் எட்டாவது எண்ணில் சுவரில் மோதி, எஸ்-பாக்ஸுக்குள் இருக்கும் அதே 283-இன் வழியாகத் திரும்பிக்கொள்கிறது. மூலைக்கு மூலை புதுச் செங்கல் தேடாமல் ஒரே செங்கல்லால் கட்டிய வீடு.

2024 டிசம்பரில் நிஸ்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏ.இ.எஸ். பலகை இன்றைய தகவல் பெருக்கத்துக்குச் சிறிதாகிவிட்டது, ரைன்டாலின் 256 பிட் பலகை வடிவத்தையும் தரமாக்கலாம் என்ற முன்மொழிவு. நான்கு வரிசை, எட்டு நிரல். ஸ்ரீரங்கத்துப் பையன்தான் போனில் காட்டினான். அன்றைக்கே பெரிய பலகையைத் தளத்தில் போட்டோம். எட்டு நிரல் வடிவத்தில் வரிசைகள் நகரும் தூரம் ஒன்று, இரண்டு, மூன்று அல்ல. ஒன்று, மூன்று, நான்கு.

"ஏன் மேம் இரண்டை விட்டுட்டாங்க?"

இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள் என்றேன். முதலில் ஒன்று, இரண்டு, மூன்று. முதல் சுற்றில் முதல் நிரல் நிரம்பியது. இரண்டாம் சுற்றில் நான்கு நிரல், 16 கொட்டை. மூன்றாம் சுற்றில் பையன் ஒவ்வொன்றாக நகர்த்தி நிரப்பிக்கொண்டே வந்து நின்றுவிட்டான். 28 கொட்டை. ஒரு நிரல் காலி, நாலு கட்டமும் காய்ந்து கிடந்தன. எந்த நிரல் என்று பார்த்தால், முதலில் நிரம்பிய நிரலுக்கு வலப்பக்கம் ஒட்டி நின்ற அடுத்த வீடு. சேதி ஊரெல்லாம் சுற்றிவிட்டு அங்கே மட்டும் போகவில்லை.

கொட்டைகளை அள்ளிவிட்டு ஒன்று, மூன்று, நான்கில் மறுபடி தொடங்கினோம். ஒரு கொட்டை, பிறகு நான்கு, பிறகு பதினாறு. மூன்றாம் சுற்றில் அந்த அடுத்த வீட்டு நிரலைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தாது என்று கீழே போய் அம்மாவிடம் இன்னொரு கைப்பிடி வாங்கி வந்தார்கள். 32 கட்டத்திலும் கொட்டை விழுந்தது. தேசிகரின் பலகையை அழிக்காமல் பக்கத்திலேயே விட்டிருந்தோம். குதிரை நின்ற கடைசிக் கட்டம், நான்காம் வரிசையின் மூன்றாவது, அதில் 32 என்று பையன் சாக்பீஸால் எழுதிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினான்.